எவ்வளவு ஒட்ட வேண்டும்?

கடைப் பலகைக்கு எழுத்து வெட்டி ஒட்டுவதற்கோ, வேனின் கதவில் நிறுவனத்தின் பெயரைப் பதிப்பதற்கோ, பிள்ளைகளின் விளையாட்டுச் சட்டையில் எண் போடுவதற்கோ ஸ்டிக்கர் கடைக்குச் செல்லுகிற நம்மவர்கள், நிறத்தைப் பற்றி அரைமணி நேரமும் விலையைப் பற்றி அதைவிடக் கூடுதலான நேரமும் விவாதித்துவிட்டு, பசையைப் பற்றி மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டுத் திருப்தியடைந்துவிடுகிறார்கள்: "கம் நல்லா ஒட்டுமா?" கடைக்காரரும், அந்தக் கேள்விக்கு இவ்வுலகில் ஒரே விடைதான் உண்டு என்பதை நீண்ட அனுபவத்தால் அறிந்தவராகையால், "அசையாது சார்" என்று சொல்லி வியாபாரத்தை முடிக்கிறார். இருவரும் பொய் பேசவில்லை. ஆனால் விஷயத்தின் பாதியைத்தான் பேசியிருக்கிறார்கள். எதன்மீது ஒட்டப் போகிறோம், எத்தனை காலம் அது அங்கே இருக்க வேண்டும், காலம் முடிந்தபின் அதை எடுப்பவர் யார், எடுக்கும்போது அடியில் இருப்பதன் கதி என்ன என்கிற மறுபாதியைக் கேளாமல் பசையின் வலிமையைத் தேர்ந்தெடுப்பது தேர்வே அன்று என்பதும், அந்த மறுபாதியை வாங்குகிறவரும் விற்கிறவரும் எழுத்தில் வைத்துக்கொள்ளுகிற வழக்கம் நம்மிடையே உண்டாக வேண்டும் என்பதும் என் அபிப்பிராயம்.

இந்தச் சங்கடம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1920-களில் அமெரிக்காவில் இரு வர்ணம் பூசிய மோட்டார் கார்கள் நாகரிகமாயின. ஒரு வர்ணத்தைப் பூசி முடித்து, அதன் எல்லையைக் காகிதத்தால் மறைத்துவிட்டு, மறு வர்ணத்தைத் தெளிக்க வேண்டும். வேலை முடிந்து காகிதத்தை எடுக்கும்போது, அதைப் பிடித்திருந்த பலமான பசை, கீழே புதிதாகப் பூசியிருந்த வர்ணத்தையும் சேர்த்து உரித்துக்கொண்டு வந்துவிடும். செயின்ட் பால் நகரில் அக்காலத்தில் உப்புத்தாள் செய்து விற்றுவந்த த்ரீ எம் கம்பெனியின் இளம் ஊழியரான ரிச்சர்ட் ட்ரூ என்பவர், உப்புத்தாளைப் பரீட்சை செய்து பார்ப்பதற்காகக் கார்ப் பட்டறை ஒன்றுக்குப் போனபோது, வர்ணக்காரர்கள் தங்கள் உழைப்பு இவ்வாறு பாழாவதைக் கண்டு வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்ததைக் கேட்டார். அவர் அன்றிலிருந்து தேடத் தொடங்கியது இன்னும் பலமான பசையை அன்று. வேலை நடக்கும்வரை விடாமல் இருந்து, வேலை முடிந்ததும் வர்ணத்தை அதன் இடத்திலேயே விட்டுவிட்டுத் தான் மட்டும் கழன்று வரக்கூடிய பசையை. 1925-இல் வெளிவந்த மாஸ்கிங் டேப் அந்தத் தேடலின் பலன். பத்து ஆண்டுகள் கழித்து, 1935-இல், லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்தில் ஸ்டான்டன் ஏவரி என்ற இளைஞர், தமக்கு மனைவியாக வரவிருந்த பெண்மணியிடம் 100 டாலர் கடன் வாங்கி, தாமே ஒட்டிக்கொள்ளும் லேபிள்களைச் செய்யும் இயந்திரம் ஒன்றைச் சமைத்தார். அவர் தம் சரக்கைப் புகழ்ந்து விற்றதும், அது பொருளைக் கெடுக்காமல் சுத்தமாக எடுபடும் என்று சொல்லித்தான். போஸ்ட் இட் சீட்டின் கதையைப் பலரும் பலமுறை கேட்டிருப்பார்களாதலால் அதை இங்கே விட்டுவிடுகிறேன். இன்று கோடிக்கணக்கில் புழங்கும் இந்தத் தொழிலின் மூத்த கண்டுபிடிப்புகள் பற்றுவதில் மட்டுமல்ல, விடுவதிலும் கண் வைத்தே செய்யப்பட்டவை என்பதை நம் கடைத்தெரு மறந்துவிட்டதே என்பதுதான் என் ஆதங்கம்.

பசையின் வலிமை என்று நாம் ஒருமையில் பேசுகிறோம். அதைத் தயாரிப்பவர்களோ அப்படிப் பேசுவதில்லை. விரல் பட்டவுடன் பிடித்துக்கொள்ளும் முதற்பிடிப்பு ஒன்று. ஒட்டியதன் ஓரத்தைப் பற்றி இழுத்தால் எதிர்த்து நிற்கும் உரிப்பு வலிமை வேறொன்று. தன் எடையாலோ, தான் சுமக்கும் பொருளின் எடையாலோ நாள்தோறும் மெல்ல மெல்ல நழுவாமல் நிற்கும் நிலைப்பு பிறிதொன்று. இவற்றுள் ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறைவது இயல்பு. தொட்டவுடன் பிடிக்க வேண்டுமானால் பசை மிருதுவாக இருக்க வேண்டும். ஒரு வஸ்துவின் விறைப்பு ஏறத்தாழ 3 லட்சம் பாஸ்கலுக்கு மேற்பட்டால் அது தொட்டவுடன் ஒட்டும் குணத்தை இழந்துவிடும் என்று த்ரீ எம் கம்பெனியின் விஞ்ஞானி கார்ல் டால்க்விஸ்ட் கண்டு சொன்ன எல்லையை இன்றும் பசைத் தொழிலார் போற்றுகிறார்கள். ஆனால் மிருதுவான பசை, அதே மிருதுத்தன்மையால், பாரத்தின்கீழ் நழுவும். இழுத்தால் தானே இரண்டாகப் பிளந்து, பாதியை ஸ்டிக்கரின் பிலிமிலும் பாதியைச் சுவரிலும் விட்டுச் செல்லும். ஆகவே, கடையில் விரலை வைத்துப் பார்த்து, "அப்பா, என்னமாய்ப் பிடிக்கிறது!" என்று வியந்து வாங்குகிறவர், பெரும்பாலும் முதற்பிடிப்பைத்தான் பரீட்சித்திருக்கிறாரேயன்றி, தமக்கு வேண்டிய குணத்தை அன்று.

நல்ல அக்ரிலிக் பசைகள் விரலுக்கு அவ்வளவு வீரியம் காட்டுவதில்லை. அவை ஒட்டிய கணத்திலிருந்து மேற்பரப்பின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் மெதுவாகப் பாய்ந்து, ஒரு நாளோ அதற்கு மேலோ கழிந்த பிறகே தம் முழு வலிமையை அடைகின்றன. இதனால்தான் சோதனைச் சாலைகளில் உரிப்பு வலிமையை ஒட்டிய 20 நிமிஷத்திலும் 24 மணி நேரத்திலும் தனித்தனியே அளக்கிறார்கள்: 25 மில்லிமீட்டர் அகலமுள்ள துண்டைச் சுத்தமான எவர்சில்வர்த் தகட்டிலோ கண்ணாடியிலோ ஒட்டி, நுனியை அப்படியே பின்பக்கமாக மடித்து, நிமிஷத்துக்கு 300 மில்லிமீட்டர் வேகத்தில் இழுத்து, எத்தனை நியூட்டன் விசை செலவாயிற்று என்று குறிப்பது முறை. விவரத்தாளில் காணும் எண் இதுதான். அது கழுவித் துடைத்த தகட்டைப் பற்றிய சத்தியம். நம் வீட்டுத் திண்ணைச் சுவரைப் பற்றி அது எந்த வாக்குறுதியும் அளிக்கவில்லை.

திண்ணைச் சுவர் என்றதும் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. சுண்ணாம்பு அடித்த சுவரின் மேல் விரலைத் தேய்த்தால் வெண்பொடி விரலில் வருகிறது. பசையும் அந்தப் பொடியைத்தான் பற்றுகிறதே தவிரச் சுவரைப் பற்றுவதில்லை. மென்மையான கம் உடைய ஸ்டிக்கரை ஒட்டினால் மறுநாள் காலையில் தரையில் கிடக்கிறது; கோபத்தோடு வீரியமான கம் வாங்கி ஒட்டினால் சில மாதங்களில் சுண்ணாம்புப் படலத்தையே பெயர்த்துக்கொண்டு அதே தரைக்கு வருகிறது. இங்கே பிணைப்பின் பலம் பசையின் பலமன்று, சுவரின் பலம். சுவர் தன்னைத் தானே பிடித்துக்கொள்ள மாட்டாதபோது பசையைப் பலப்படுத்துவது வீண் பிரயாசை. புதிதாக எமல்ஷன் பூசிய சுவரில் வேறொரு விபரீதம் உண்டு: வர்ணம் தொடுவதற்கு உலர்ந்ததுபோல் தோன்றினாலும், அதனுள்ளிருந்து ஆவி வெளியேறுவது நிற்கச் சில வாரங்கள் ஆகும். திறப்பு விழாவுக்கு முந்தின நாள் வர்ணம் பூசி, அன்றிரவே வினைல் ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லுகிற முதலாளிமார்கள், ஒட்டினவனை வைகிறார்களேயொழியத் தாம் நிச்சயித்த முகூர்த்தத்தை வைவதில்லை.

அதற்கு நேர்மாறாக, மொட்டை மாடிகளில் நிற்கும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டியின் மேற்பரப்போ உறுதியானது. பொடியோ ஈரமோ அற்றது. ஆயினும் சாதாரண ஸ்டிக்கர் அதில் தாமரை இலைத் தண்ணீராகவே இருக்கிறது. காரணம், அது பாலிஎதிலீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. ஒரு பரப்பு தன்மேல் படுகிற திரவத்தை எவ்வளவு ஆர்வத்தோடு பரவ விடும் என்பதை அதன் மேற்பரப்பு ஆற்றல் என்ற ஒரு கணக்கால் குறிப்பார்கள். பாலிஎதிலீனுக்கும் அதன் உறவான பாலிபுரொப்பிலீனுக்கும் அது மீட்டருக்கு 30 மில்லிநியூட்டனை ஒட்டியே இருக்கிறது. தண்ணீரின் பரப்பு இழுவிசையோ 72. பசையும் ஆரம்பத்தில் ஒரு திரவம்போல் பரவித்தான் பற்ற வேண்டியிருப்பதால், பரவ இடங்கொடாத பரப்பில் அதன் வீரியம் எவ்வளவாயிருந்தாலும் பிரயோஜனமில்லை. இப்படிப்பட்ட பரப்புகளுக்கென்றே தனியாகச் செய்த பசைகள் உண்டு. அல்லது பிரைமர் தடவ வேண்டும். இரண்டையும் விட்டு, "இன்னும் ஸ்ட்ராங்கான கம் இருக்கா?" என்று கேட்பது, கேள்வியையே தவறான வாசலில் கேட்பதாகும்.

இனி, எடுக்கும் விஷயத்துக்கு வருகிறேன். என் வழக்கின் சாரம் இங்கேதான் இருக்கிறது. புதிதாக வாங்கிய எவர்சில்வர்ப் பாத்திரத்தின் நடுவயிற்றில் ஒட்டிய லேபிளைச் சுரண்டிச் சுரண்டி நகம் தேய்ந்த அனுபவம் இல்லாத தமிழ்க் குடும்பம் இருக்க முடியாது. பாத்திரத்தை அடுப்பில் காட்டிச் சூடேற்றி உரிப்பவர்களும், தேங்காய் எண்ணெய் தடவி ஊறவைத்துத் துடைப்பவர்களும், ரசாயன சாஸ்திரம் படியாமலே சரியான வழியைக் கண்டவர்கள்: சூடு பசையை இளக்குகிறது, ரப்பர் வகைப் பசைகள் எண்ணெயில் கரைந்து நெகிழ்கின்றன. ரப்பர் வகைப் பசைக்கு விலை குறைவு, முதற்பிடிப்பு மிகுதி. வெயிலும் காற்றும் பட்டால் முதலில் பிசுபிசுத்து, பின்பு காய்ந்து நொறுங்குவது அதன் சுபாவம். அக்ரிலிக் வகை வெயிலைப் பல ஆண்டுகள் தாங்கும். அடுக்களைக்குள் போவதற்கு முன்பே எடுத்தெறியப்பட வேண்டிய ஒரு விலைச்சீட்டுக்கு, நெடுஞ்சாலைப் பலகைக்கு உரிய பிடிவாதத்தை ஏன் அளிக்க வேண்டும்? கிட்டங்கியிலிருந்து கடை அலமாரி வரை அது உதிராமல் இருக்க வேண்டும் என்பது தயாரிப்பாளரின் கவலை. அதற்கப்பால் நடப்பது இல்லத்தரசியின் தலைவிதி. இரண்டுக்கும் பொருந்தும், சுத்தமாக எடுபடக்கூடிய ரிமூவபிள் பசை சந்தையில் இல்லாமல் இல்லை, கேட்பார்தான் இல்லை.

நிரந்தரம் என்று நாம் நினைத்து ஒட்டுவதும் நிரந்தரமாக இருந்துவிடுவதில்லை. 2012-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் தேதியன்று உச்ச நீதிமன்றம், வாகனக் கண்ணாடிகளில் கறுப்புப் பிலிம் ஒட்டக் கூடாதென்று தீர்ப்பளித்து, மே 4 முதல் அது நாடெங்கும் அமலாக வேண்டுமென்று உத்தரவிட்டது. வாகனத்தின் ஆயுள் முழுவதும் இருக்கட்டும் என்ற சங்கற்பத்தோடு ஒட்டப்பட்ட பிலிம்கள், அந்தக் கோடையில் சாலையோரத்தில் நின்றபடியே கிழிக்கப்பட்டன. பிலிம் கிழிந்து வந்தது. பசை கண்ணாடியிலேயே தங்கிற்று. அதைப் பிளேடால் சுரண்டப் புகுந்தால், பின்கண்ணாடியில் பனியை நீக்குவதற்காகப் பதித்திருக்கும் மெல்லிய மின்கம்பிக் கோடுகள் அறுந்துபோகும். பசையைச் செய்தவரையோ ஒட்டியவரையோ இதற்காகக் குறை சொல்ல நியாயமில்லை. அவர்கள் கேட்டபடி கொடுத்தார்கள். ஆனால் சட்டம் மாறும், கடை கைமாறும், கட்சி மாறும், கம்பெனியின் இலச்சினை மாறும். இவ்வளவு மாற்றங்களுக்கிடையே ஒட்டப்படுகிற ஒரு வஸ்துவை எடுப்பது எப்படி என்று வாங்கும் நாளிலேயே யோசித்துவைப்பது அதிகப்படியான முன்யோசனை ஆகாது.

எடுக்கவே முடியாதபடி செய்வதும் சில இடங்களில் நியாயம்தான். 2019 ஏப்ரல் முதல் புதிய வாகனங்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டோடு, முன்கண்ணாடியில் ஒட்டுவதற்கு ஒரு ஹாலோகிராம் ஸ்டிக்கரும் தருகிறார்கள். அதை உரித்து வேறு வண்டிக்கு மாற்ற முயன்றால் அது தன்னைத் தானே அழித்துக்கொள்ளும்படி அமைத்திருக்கிறார்கள். பசை கண்ணாடியைப் பற்றுகிற பலம், படலம் தன்னைத் தானே பற்றுகிற பலத்தைவிட மிகுந்திருப்பதே இதிலுள்ள யுக்தி. சுங்கச் சாவடியில் காட்டும் ஃபாஸ்டேக்கும் இந்த ஜாதியைச் சேர்ந்ததே. இங்கெல்லாம் நோக்கத்தை முதலில் நிச்சயித்து, பிறகு பசையைத் தேர்ந்திருக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

எழுத்து வெட்டி ஒட்டுகிற தொழிலாளிக்கு இந்தத் தாரதம்மியம் கைப்பழக்கத்திலேயே தெரியும். பிளாட்டர் என்னும் வெட்டும் இயந்திரத்தில் வெட்டிய வினைல் எழுத்து, சிலிக்கோன் பூசிய அடித்தாளில் கிடக்கிறது. அதன்மேல் டிரான்ஸ்ஃபர் டேப்பை அழுத்தி, எழுத்துகளை அடித்தாளிலிருந்து பெயர்த்து, பலகையில் வைத்துத் தேய்த்து, டேப்பை மட்டும் உரித்தெடுக்க வேண்டும். அடித்தாளின் பிடிப்பைவிட டேப்பின் பிடிப்பு அதிகமாகவும், டேப்பின் பிடிப்பைவிடப் பலகையில் எழுத்தின் பிடிப்பு அதிகமாகவும் இருந்தாலொழிய இந்தக் காரியம் நடவாது. டேப் பலவீனமாயிருந்தால் எழுத்து தாளைவிட்டு எழும்பாது. டேப் மிகப் பலமாயிருந்தால், பலகையில் வைத்த எழுத்தைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டு வரும். சுவருக்கென்று வாங்கிய ரிமூவபிள் வினைலுக்கு, பர்மனென்ட் வினைலுக்குரிய முரட்டு டேப்பைப் போட்டுவிட்டு, வினைல் சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. வினைல் சரியாகத்தான் இருந்தது. அதனிடம் கேட்கக் கூடாத வலிமையைக் கேட்டார்கள். வினைலை உரித்து டேப்பில் ஒரு துண்டை வைத்துப் பார்க்கிற பழைய கைக்காரர், விவரத்தாள் எதையும் புரட்டாமலே, மூன்று பிடிப்புகளையும் ஒரே கணத்தில் ஒப்பிட்டுவிடுகிறார். அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூச்சப்படுகிற நம் படித்த இளைஞர்களைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விடுகிறேன்.

பார்வையால் பசையை எடைபோட முடியாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஜெர்மனியின் ஓராஃபோல் கம்பெனி செய்யும் ஓராகல் வரிசையில், சுவருக்கும் உட்புற அலங்காரத்துக்கும் உரிய 631 என்ற எண்ணுடைய வினைல், நீரை அடிப்படையாகக் கொண்ட ரிமூவபிள் பசை உடையது. வெளிப்புறப் பலகைகளுக்குரிய 651, கரைப்பானை அடிப்படையாகக் கொண்ட பர்மனென்ட் பசை உடையது. முன்னதன் கனம் 80 மைக்ரான், பின்னதன் கனம் 63 மைக்ரான். கனமானது பலமாக ஒட்டும் என்று கையால் தடவிப் பார்த்து முடிவு செய்கிறவர், இரண்டையும் தலைகீழாகத்தான் வாங்குவார். அவ்வாறே, பின்புறம் சாம்பல் நிறமான கம் உடைய வினைலைக் கண்டால் அது அதிகம் பிடிக்கும் என்று கருதுவோரும் உண்டு. அந்த நிறம் பழைய எழுத்து புதிய படத்தின் வழியாகத் தெரியாமல் மறைப்பதற்காகச் சேர்த்ததே தவிர, பிடிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பிலிமின் குணமும் பசையின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. உருளைகளுக்கிடையே அழுத்தித் தகடாக்கிய காலண்டர் வகை வினைல், தான் இழுபட்ட ஞாபகத்தை மறவாமல், வெயில் பட்டபோதெல்லாம் சுருங்கப் பார்க்கும். திரவமாக ஊற்றி உலர்த்திய காஸ்ட் வகை, 50 மைக்ரான் அளவே கனமுடையதாயினும், அவ்வளவு சுருங்குவதில்லை. மலிவான வினைலை மிருதுவாக வைத்திருக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் நாளடைவில் பசைக்குள் இறங்கி அதை இளக்கிவிட, பிலிம் ஓரங்களில் பின்வாங்க, வெளிப்பட்ட கம்மில் தெருப்புழுதி படிந்து, ஒவ்வோர் எழுத்தைச் சுற்றியும் கறுப்புக் கரை கட்டிக்கொள்ளுகிறது. நம் ஊர் ஆட்டோக்களிலும் இருசக்கர வாகனங்களிலும் காணும் அந்தக் கரைக்கு இதுவே காரணம். மேலும், ஓராகல் விவரத்தாள்களில் ஆயுளைக் குறிக்கும் இடத்தில், மத்திய ஐரோப்பிய சீதோஷ்ணத்தில், செங்குத்தான பரப்பில் என்ற நிபந்தனை கூடவே எழுதியிருக்கும். வேலூரிலும் திருத்தணியிலும் மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிற உஷ்ணத்தில், படுக்கைவசமான கார் பானட்டின்மேல் ஒட்டிவிட்டு, அதே ஆயுளை எதிர்பார்ப்பது நியாயமாகாது. நண்பகல் வெயிலில் தகிக்கும் தகட்டில் கம் இளகித் தொட்ட கணத்திலேயே பிடித்துக்கொள்ளுமாதலால், கோணலாக விழுந்த எழுத்தைத் திருத்தி வைக்கவும் வழியில்லாமற் போகிறது. விடியற்காலையில், அல்லது நிழலில், சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டுகிற பழைய முறைக்கு இந்த நாட்டில் இன்னும் மதிப்பு இருக்கிறது.

துணிக்கு வரும்போது நியாயமே மாறுகிறது. ஹீட் டிரான்ஸ்ஃபர் வினைலின் பசை, அறை வெப்பத்தில் ஒட்டாது, தொட்டால் உலர்ந்திருக்கும். ஒட்டுவதுபோல் தோன்றுவது மேலேயுள்ள கண்ணாடி போன்ற பாலியஸ்டர்த் தாளின் மெல்லிய பிடிப்பே. ஹீட் பிரஸ்ஸில் சாதாரணமாக 150 முதல் 160 டிகிரி வரையிலான சூட்டில் 10 அல்லது 15 விநாடி அழுத்தும்போது, அந்தப் பசை உருகி, நூலிழைகளுக்கிடையே பாய்ந்து, ஆறியதும் இழைகளைக் கவ்விக்கொண்டு இறுகுகிறது. சூடும் நேரமும் அழுத்தமும் கூடினால் பிடிப்பும் கூடும் என்று எண்ணுவது இங்கே பெரிய அனர்த்தத்தில் முடியும். அளவுக்கு மீறி உருகிய பசை துணியின் மறுபக்கத்துக்கே ஊடுருவிப் போய்விட, பிலிமின் கீழே பசையே இல்லாமற் போகிறது. பத்துச் சலவைக்குத் தாங்க வேண்டியது இரண்டாம் சலவையில் உரிகிறது. சிவப்புப் பாலியஸ்டர் ஜெர்சியில் வெள்ளை எண்ணை அதிகச் சூட்டில் அழுத்தினால், துணியின் சாயம் ஆவியாகி மேலேறி, வெள்ளை எண் இரண்டொரு நாளில் ரோஜா நிறம் கொள்ளும். அதற்கென்று 130 டிகிரியை ஒட்டிய சூட்டிலேயே உருகும் பசையும், சாயத்தை மறிக்கும் படலமும் உடைய தனிவகை இருக்கிறது. நைலான் மழைக்கோட்டுக்கும் பைக்கும் பருத்திக்குரிய பசை பொருந்தாது. அவற்றின் மேல் நீர் ஒட்டாமலிருக்கப் பூசிய பூச்சு பசையையும் ஒட்டவிடாது.

திருப்பூரில் இந்தத் தொந்தரவு இன்னும் நுட்பமான வடிவத்தில் வருகிறது. கையில் எடுத்தவுடன் பட்டுப்போல் வழவழவென்றிருக்க வேண்டும் என்பதற்காகப் பின்னலாடைத் துணிகளுக்குக் கடைசியில் சிலிக்கோன் சாஃப்ட்னர் கொடுக்கிறார்கள். ஸ்டிக்கரின் அடித்தாளில் கம் பிடித்துக்கொள்ளாமலிருக்க எந்தச் சிலிக்கோனைப் பூசுகிறார்களோ, அதன் சகோதரனை நாமே துணியில் ஏற்றி வைத்துவிட்டு, அப்புறம் கழுத்து லேபிளும் மார்பு எழுத்தும் உரிந்து வருகின்றனவே என்று பிரிண்டிங் பட்டறைக்காரரைக் குற்றம் சொல்லுகிறோம். பட்டறைக்காரர் சூட்டைக் கூட்டுகிறார், துணியில் அழுத்தப்பட்ட பளபளப்பான சதுரம் விழுகிறது, சரக்கு கழிக்கப்படுகிறது. துணியை முடித்த பட்டறையும் அச்சிடும் பட்டறையும் ஒரே தொலைபேசி அழைப்பில் பேசித் தீர்த்திருக்கக்கூடிய விஷயம் இது. ஒவ்வொரு லாட்டுத் துணியிலும் ஒரு கைத்துண்டை வெட்டி, அழுத்தி, ஒரு நாள் ஆறவிட்டு, சலவை செய்து பார்த்த பிறகே முழு உருப்படியைத் தொடுவது என்ற நியமத்தைக் கடைப்பிடிக்கிற பட்டறைகள் இருக்கின்றன. அவர்கள் கூலி சற்று அதிகம். அவர்களிடம் பேரம் பேசாமலிருப்பது உத்தமம்.

சிறு கடைக்காரர்கள் இதற்கெல்லாம் ஒரு நியாயமான ஆட்சேபம் சொல்வார்கள். நான்கு வகைப் பசைக்கு நான்கு சுருள் வாங்கி அடுக்க முதல் எங்கே இருக்கிறது? வருகிற வாடிக்கையாளர் சதுர அடிக்கு இரண்டு ரூபாய் குறைத்தால் அடுத்த கடைக்குப் போய்விடுகிறாரே? இந்த ஆட்சேபத்தை நான் அற்பமாகக் கருதவில்லை. ஆயினும் மொத்தக் கடைகளில் சுருளை மீட்டர் கணக்கில் வெட்டித்தானே விற்கிறார்கள். ரிமூவபிள் வகையில் வேண்டிய மீட்டரை வேண்டியபோது வாங்கிக்கொள்ள முடியும். அங்கே உள்ள குறை வேறு. நல்ல கம்பெனிகள் அடித்தாளின் முதுகில் பெயரையும் எண்ணையும் அச்சிடுகின்றன. மலிவுச் சரக்கின் முதுகு வெறுமையாக இருக்கிறது. இரண்டு மீட்டர் வெட்டிச் சுருட்டிக் கையில் கொடுத்தபின் அது எந்தப் பசை, எந்த வருஷத்துச் சரக்கு என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். அடித்தாளின் முதுகில் பசையின் வகையையும் தயாரித்த மாதத்தையும் அச்சிடாத சுருளை வாங்குவதில்லை என்று நகரத்துக்குப் பத்து மொத்த வியாபாரிகள் தீர்மானித்தால் போதும்; தர நிர்ணய அதிகாரிகள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

நகராட்சிகளும் பள்ளிகளும் ஆஸ்பத்திரிகளும் பலகைக்கும் சுவர்ப்படத்துக்கும் டெண்டர் கோரும்போது, அளவு, நிறம், கனம் ஆகியவற்றோடு, ஒட்டப்படும் பரப்பின் பெயரையும் எடுக்கப்படும் தேதியையும் கேட்டால் ஏலதாரர்களுக்கு ஒரு சிரமமும் வந்துவிடாது. விலைப்பட்டியலில் ஒட்டும் கூலி என்று ஒரு வரி இருப்பதுபோல், எடுக்கும் கூலி என்று இன்னொரு வரியும் இருக்கட்டும். அந்த வரியில் தொகை எழுத வேண்டிவரும் ஒப்பந்தக்காரர், மூன்று மாதக் கண்காட்சிக்கு ஐந்து வருஷத்துக் கம்மைத் தாமாகவே தவிர்த்துவிடுவார். தனி மனிதர் விஷயத்தில் இவ்வளவு சம்பிரமம் தேவையில்லை. "ஸ்டிக்கர், 12 சதுர அடி" என்று எழுதிக் கிழித்துக் கொடுக்கிற பில்லில், "ரிமூவபிள், உட்புறச் சுவர், தீபாவளி வரை" என்று சேர்த்து எழுத இடம் தாராளமாக இருக்கிறது. கேட்டால் எழுதித் தருவார்கள்.